கோடு கிழிப்பது யார்?

ஸ்தல ஸ்தாபனங்களில் நுழையும் "நவீன நிர்வாகம்" பற்றி உழைப்பாளி மக்கள் கேட்கவேண்டிய கேள்வி



நாற்றுப் பிடுங்கிய சேறு காயாத காலோடு ஒரு தாய் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போகிறாள். மழைக்கு ஒழுகும் குடிசைக்குப் பதிலாக ஒரு வீடு கேட்டு மனுச் செய்தவள் அவள். ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பையன் பொத்தானைத் தட்டிப் பார்க்கிறான்.

"உங்க மனு ரிஜெக்ட் ஆயிடுச்சு பாட்டி."

"யாரு தம்பி ரிஜெக்ட் பண்ணினது?"

"சிஸ்டம்."

"ஏன் பண்ணிச்சு?"

"அது எனக்குத் தெரியாது பாட்டி. இதுல காட்டாது."

இந்தக் காட்சியைக் காணாத விவசாயத் தொழிலாளி இன்று உண்டா? வீட்டு மனு இல்லையென்றால் ரேஷன் கார்டு. ரேஷன் கார்டு இல்லையென்றால் வேலை அட்டை. பெயர்தான் மாறுகிறது, பதில் மாறுவதில்லை. "சிஸ்டம்."

முன்பு ஒரு குமாஸ்தா "இல்லை, போ" என்று விரட்டினால் அவன் முகம் நமக்குத் தெரியும், பெயர் தெரியும். அவன்மீது மேலே மனுப் போடலாம். சங்கத்துத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவன் காரியாலய வாசலில் உட்காரலாம். இன்று "இல்லை" என்கிறவனுக்கு முகமும் கிடையாது, பெயரும் கிடையாது, வாசலும் கிடையாது. நம்மை ஆளுகிறவர்களுக்கு இதைவிட வசதியான குமாஸ்தா வேறு யார் கிடைப்பான்?

இந்த நேரத்தில்தான் பஞ்சாயத்து, நகரசபை, கார்ப்பரேஷன் எல்லாவற்றின் வாசலிலும் ஒரு புதுச் சரக்கு விலைக்கு வந்து நிற்கிறது. அது என்ன சரக்கு, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நாம் தெரிந்துகொள்ளாவிட்டால், நம் தலையில் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்வோம்.

என்ன இந்த "லோ-கோட்"?

சரக்கின் பெயர் "லோ-கோட்". 2014இல் ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்க ஆலோசனைக் கம்பெனி இதற்கு இந்தப் பெயரைச் சூட்டியது. பெயர்தான் புதிது, விஷயம் கடினமானதல்ல. மில்லில் இழை ஒட்டுகிற தோழரும் வயலில் களை பறிக்கிற தோழரும் சுலபமாகப் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல அதற்கென்று பாஷைகள் இருக்கின்றன. அந்தப் பாஷையில் எழுதும் கட்டளைக்குக் "கோட்" என்று பெயர். அதை எழுதப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மாதக்கணக்கில் நாளும் ஆகும். லோ-கோடில் அந்த எழுத்து வேலை குறைவு. திரையில் கட்டங்கள் இருக்கும். "மனு வருகிறது" என்று ஒரு கட்டம். "எழுத்தர் பார்க்கிறார்" என்று ஒரு கட்டம். "கமிஷனர் ஒப்புகிறார்" என்று ஒரு கட்டம். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குக் கோடு இழுத்துவிட்டால் மனு அந்த வழியே போகும். "வருமானம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்" என்று கோட்டை இரண்டாகப் பிரிக்கலாம். பிறப்புச் சான்று, வீட்டு வரி, குழாய் இணைப்பு, கடை லைசென்சு, தெருவிளக்குப் புகார் எல்லாவற்றையும் இப்படிக் கட்டம் கட்டி ஓட்டலாம். பகலில் வரைந்து பொழுது சாய்வதற்குள் அமலுக்குக் கொண்டுவந்து விடலாம்.

இதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு சான்றுக்காக நாலு நாள் கூலியை இழந்து, மேஜைக்கு மேஜை அலைந்து, கடைசி மேஜையில் கையூட்டும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். மனு எந்த மேஜையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று வெளிச்சமாகத் தெரியுமானால் அது நமக்கு நல்லதே. காகிதக் கட்டு நிர்வாகத்தின் மேல் உழைப்பாளிக்கு எந்தப் பாசமும் இல்லை. அந்தக் கட்டுகளுக்குள்தான் நமது நிலப் பட்டாவும் நமது குடியிருப்பு மனையும் தலைமுறை தலைமுறையாகக் காணாமல் போயின.

யந்திரத்தோடு நமக்குப் பகை இல்லை

"கம்யூனிஸ்டுகள் எதையும் எதிர்ப்பார்கள், கம்ப்யூட்டரையும் எதிர்த்தவர்கள்தானே" என்று முதலாளிப் பத்திரிகைகள் கேலி பேசும். பேசட்டும். 1955இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது யந்திரம் கூடாது என்றா? ஒரு ஆள் தலையில் தறிகளைக் கூட்டிக் கட்டி, லாபத்தை முதலாளிக்கும் வேலையிழப்பைத் தொழிலாளிக்கும் பங்கு பிரித்த "ரேஷனலைசேஷன்" என்ற ஏற்பாட்டை எதிர்த்துத்தான் நின்றார்கள். 1960களில் கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை வழிமறித்ததும் வேலையைக் காக்கத்தான். யந்திரம் வரும்போதெல்லாம் நாம் கேட்டது ஒரே கேள்வி: அது யார் கையில்?

நல்ல கையில் இருந்தால் நல்லது செய்யலாம் என்பதற்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கேரளத்தில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கான மென்பொருளை விலைக்கு வாங்கவில்லை. மாநில அரசின்கீழ் 1999இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் என்ற நிறுவனமே செய்தது. 2024 ஜனவரி 1 அன்று "கே-ஸ்மார்ட்" என்ற ஏற்பாடு 6 கார்ப்பரேஷன்களிலும் 87 நகரசபைகளிலும் ஆரம்பமாயிற்று. 2025 ஏப்ரலில் 941 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. அதில் குறையே இல்லை என்பதல்ல வாதம். குறை இருந்தால் கேட்க ஒரு சட்டசபை இருக்கிறது, பதில் சொல்ல ஒரு மந்திரி இருக்கிறார். கடல் கடந்த ஒரு கம்பெனியின் வாடகை ரசீதைக் காட்டி யாரும் கைகழுவ முடியாது.

ஆக, நம் சண்டை கம்ப்யூட்டரோடு அல்ல, கட்டத்தோடும் அல்ல. கோடு கிழிக்கிற கையோடுதான்.

கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சட்டம்

சற்று யோசியுங்கள், தோழர்களே. "வருமானம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம்" என்று ஒருவர் கோடு இழுக்கிறாரே, அவர் செய்வது வெறும் படம் வரைகிற வேலையா? இல்லை. அவர் சட்டம் இயற்றுகிறார். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை; யாருக்கு அரிசி, யாருக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார். சட்டசபையில் ஒரு சட்டம் வந்தால் விவாதம் உண்டு, எதிர்ப்பு உண்டு, கெஜட்டில் அச்சு உண்டு. இந்தக் கோட்டுக்கு விவாதமும் இல்லை, கெஜட்டும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று பழமொழி. இன்றைய பூசாரி கண்ணுக்கே தெரியாத பூசாரி!

இது வீண் பயமா? நடந்ததைப் பாருங்கள்.

2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் போராடிப் பெற்ற சட்டம். வேலை கேட்டால் வேலை, செய்தால் 15 நாளுக்குள் கூலி என்பது அதன் உறுதிமொழி. அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து 2021-22இல் நாடு முழுவதும் நீக்கப்பட்ட தொழிலாளர் பெயர்கள் 1 கோடியே 49 லட்சம். மறு ஆண்டு, 2022-23இல், நீக்கப்பட்ட பெயர்கள் 5 கோடியே 18 லட்சம்! இது நமது கணக்கல்ல. 2023இல் மத்திய சர்க்காரே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு.

ஏன் நீக்கினார்கள்? போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரை விட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார் என்று காரணங்களை அடுக்கினார்கள். அந்த வரிசையில் இன்னொரு காரணமும் இருந்தது: "வேலை செய்ய விருப்பமில்லை." கேட்டீர்களா கதையை! வேலை கொடு, வேலை கொடு என்று யூனியன் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்கிற விவசாயத் தொழிலாளிக்கு வேலை செய்ய விருப்பமில்லையாம்!

இந்தப் பொய்யை யார் சொன்னது? ஒரு மனிதன் நம் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவானா? மாட்டான். ஆனால் பெயரை நீக்குகிறவன் முன்னால் திரையில் காரணங்களின் பட்டியல் விரிகிறது. ஏதாவது ஒன்றைத் தட்டினால்தான் வேலை முடியும். தட்டுகிறான். அந்தக் காலத்தில்தான் ஆதாரோடு இணைத்த கணக்குக்கே கூலி போகும் என்ற ஏற்பாட்டை டெல்லி நெருக்கிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரி 30 அன்று உத்தரவு வந்தது. பல தடவை தவணை தள்ளி 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. இணைக்க முடியாத பெயர் கணக்கில் நின்றால் மேலிடம் கேள்வி கேட்கும். பெயரையே எடுத்துவிட்டால் கேள்வி இல்லை. களத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னது இதைத்தான். அந்தக் காரணப் பட்டியலில் "மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக நீக்கினேன்" என்று ஒரு வரி இருந்ததா? இருக்குமா? பட்டியலை எழுதியது யாரோ, உண்மைக்கு இடம் விடுவதும் விடாததும் அவர் கையில்.

தெலங்கானாவில் 2016இல் நடந்ததைப் பாருங்கள். வீடு தேடி விசாரிக்காமல், நோட்டீசும் கொடுக்காமல், கம்ப்யூட்டர் சொன்னபடி சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை வெட்டினார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், நேரில் போய் விசாரித்துப் பாருங்கள் என்று 2022 ஏப்ரலில் உத்தரவாயிற்று. நோட்டீஸ் கொடுத்து, வீட்டுக்குப் போய், கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய் என்ற சாதாரண நியாயத்தைப் பெற ஏழைகளுக்கு ஆறு வருஷம் பிடித்தது!

ஜார்க்கண்டில் சிம்டேகா ஜில்லாவில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. பசியால் செத்தாள் என்று பெற்ற தாய் கதறினாள். இல்லை, மலேரியா என்றது சர்க்கார். அந்த வீட்டில் அரிசி இல்லாமல் போனதற்குக் கையெழுத்துப் போட்டவர் யார்? யாரும் போடவில்லை. ஒரு கோடு அறுந்தது. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தது.

இவையெல்லாம் லோ-கோடில் செய்தவை அல்ல. பெரிய மென்பொருள், டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் படித்த ஆட்களை வைத்து எழுதியவை. அதனால்தான் எச்சரிக்கிறோம். முன்பு ஒரு விதியைக் கம்ப்யூட்டருக்குள் புகுத்த மாதங்கள் ஆயின. நாலு பேருக்குத் தெரிந்தது. ஒரு டெண்டர், ஒரு காகிதமாவது மிஞ்சியது. இனிமேல் எந்த ஜில்லாவிலும் எந்தக் காரியாலயத்திலும் ஒரு அதிகாரி தமது மேஜையில் உட்கார்ந்தபடி ஒரு கட்டத்தைச் சேர்க்கலாம், ஒரு கட்டத்தை எடுக்கலாம். நேற்றுவரை கிடைத்தது இன்று கிடைக்காது. ஏன் என்று கேட்டால், "சிஸ்டம்." டெல்லியில் ஒரே ஒரு திரை இருந்தபோதே 5 கோடிப் பெயர்கள் காணாமல் போயின. ஊருக்கு ஊர் திரை வந்தால் யார் எண்ணுவது?

"ஊழலை ஒழிக்கத்தானே?"

நல்ல எண்ணமுள்ள சிலர் கேட்பார்கள்: "ஊழலை ஒழிக்க வேண்டாமா? மனிதன் கையில் விட்டால் திருடுகிறான், யந்திரம் திருடாதே?"

பேஷ்! அந்தப் பரீட்சையும் நம்மை வைத்தே நடந்து முடிந்தது. 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற மொபைல் ஏற்பாட்டை வேலை உறுதித் திட்டத்தில் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் வேலைகள் தவிர, எல்லா வேலைத்தலங்களிலும் கட்டாயம் ஆக்கினார்கள். நாளுக்கு இரண்டு தடவை தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, நேரமும் இடமும் முத்திரை குத்தி ஏற்ற வேண்டும். ஏரியில் சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை, வருகை இல்லை, கூலி இல்லை. மண் வெட்டிய கை சாட்சி இல்லையாம், வெட்டின குழி சாட்சி இல்லையாம், படம்தான் சாட்சியாம்! வேலையை முடித்த பெண்கள் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

சரி, திருட்டாவது ஒழிந்ததா? 2025 ஜூலை 8 அன்று மத்திய கிராம அபிவிருத்தி இலாகாவே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று தில்லுமுல்லுகளை அதுவே வரிசைப்படுத்தியது. அதற்கு மருந்து என்ன சொன்னது தெரியுமா? பஞ்சாயத்து மட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்து படங்களையெல்லாம் கண்ணால் சரிபார்க்க வேண்டும்! மனிதனை நம்பாதே என்று யந்திரத்தை வைத்தார்கள்; யந்திரத்தை நம்ப முடியாமல் மறுபடி மனிதனை வைத்தார்கள். இடையில் கூலி இழந்தவள் யார்? நம் தாய், நம் சகோதரி.

2025 டிசம்பரில் அந்த 2005 சட்டத்தையே எடுத்துவிட்டு வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 100 நாளை 125 நாள் ஆக்கினோம் என்று தம்பட்டம். பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தைச் சுமக்க வேண்டும் என்பது தம்பட்டத்தில் இல்லை. கைரேகை, முகச் சோதனையும் மொபைல் கண்காணிப்பும் சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டன. தோற்ற மருந்தையே இரட்டிப்பு அளவில் கொடுக்கிற வைத்தியர்கள் இவர்கள்!

ஊழலை உண்மையில் பிடித்தது எது? 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஊர்ப் பொதுவில் பந்தல் போட்டு, வேலைப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் ஏழைகள் காதில் விழும்படி உரக்கப் படித்தது. "இந்த ஆள் வேலைக்கே வரவில்லையே!" "இந்தக் கட்டடம் கட்டவே இல்லையே!" என்று ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அந்த இயக்கத்திலிருந்துதான் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் பிறந்தது. வேலை உறுதிச் சட்டத்தின் சமூகத் தணிக்கைக்கும் அதுதான் வித்து. திருடனைப் பிடித்தது கேமரா அல்ல, ஊரார் கண்! ஊரார் கண்ணுக்குக் கதவைத் திறக்கிற யந்திரமானால் வரவேற்போம். ஊரார் கண்ணைக் கட்டுகிற யந்திரமானால் எதிர்ப்போம்.

மாதா மாதம் வாடகை

இனி, இந்தச் சரக்கின் விலையைப் பாருங்கள். மில்லில் முதலாளி தறி வாங்கினால் அது அவன் சொத்து. பஞ்சாயத்து பம்பு செட் வாங்கினால் அது பஞ்சாயத்துச் சொத்து. கம்பெனிகளின் லோ-கோட் அப்படியல்ல. அதை வாங்க முடியாது. வாடகைக்குத்தான் எடுக்க முடியும். அதுவும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் பவர் ஆப்ஸ் பிரீமியத்துக்கு 2024இல் அறிவித்திருந்த விலை ஆளுக்கு மாதம் 20 டாலர். 100 ஊழியர் உள்ள ஒரு நகரசபை அந்த விலைக்கு எடுத்தால் வருஷத்துக்கு 24,000 டாலர். டாலருக்கு 83 ரூபாய் என்ற அந்த ஆண்டுக் கணக்கில் சுமார் 20 லட்சம் ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். அதாவது 6,200க்கு மேற்பட்ட நாள் கூலி ஒவ்வொரு வருஷமும் கடல் கடக்கும்!

வாடகையை நிறுத்தினால்? கட்டமும் போயிற்று, கோடும் போயிற்று. ஒரு கம்பெனியின் கட்டத்தை இன்னொரு கம்பெனியின் திரையில் அப்படியே ஓட்ட முடியாது. ஊர்க் குளத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வெளியூரான் இடுப்பில் செருகுவது போன்றது இது. இந்த வியாபாரத்தில் எவ்வளவு கொள்ளை இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: 2018இல் ஜெர்மனியின் சீமென்ஸ் ஏகபோகம், மெண்டிக்ஸ் என்ற ஒரு லோ-கோட் கம்பெனியை வாங்கக் கொடுக்க முன்வந்த விலை 60 கோடி யூரோ. அந்தப் பணத்தை வட்டியோடு யாரிடம் வசூலிப்பார்கள்?

நவீனம் என்ற பெயரால் ஒரு நகரசபைக்கு என்ன கதி நேரலாம் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் சாட்சி. அங்கே கணக்கு வழக்குக்காக ஆரக்கிள் கம்பெனியின் மென்பொருளைப் போட்டார்கள். லோ-கோட் அல்ல, பெரிய மென்பொருள்தான். ஆனால் பாடம் ஒன்றே. சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுனில் முடியும் என்று ஆரம்பித்த வேலை. 2022 ஏப்ரலில் ஓட விட்டதும் கணக்கே குழம்பிற்று. 2023இல் 10 கோடி பவுன் வரை போகும் என்று நகரசபையே சொன்னது. இன்னொரு பக்கம், சமையல், துப்புரவு போன்ற வேலைகளில் இருந்த பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் ஏய்த்த பாக்கி மலையாகக் குவிந்திருந்தது. லண்டன் சர்க்காரின் மானிய வெட்டும் சேர்ந்தது. 2023 செப்டம்பர் 5 அன்று நகரசபை கை விரித்தது. மறு வருஷம் ஜனங்களின் வரி சுமார் 10 சதவீதம் உயர்ந்தது, சேவைகள் வெட்டுப்பட்டன, 2025இல் குப்பைத் தொழிலாளர் சம்பள வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மென்பொருளுக்குக் கேட்டபோதெல்லாம் பணம் இருந்தது. சமையல்காரப் பெண்ணின் நியாயமான சம்பளத்துக்கு மட்டும் இல்லை! இதுதான் அவர்களது நவீனத்தின் வர்க்க குணம்.

இங்கே என்ன நடக்கும்? "கட்டமே வேலையைப் பார்க்கிறது, ஆள் எதற்கு?" என்று ஆரம்பிப்பார்கள். நிரந்தர எழுத்தர் இடம் காலியானால் நிரப்பமாட்டார்கள். காண்டிராக்டில் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அந்தப் பையன் நமது எதிரியல்ல. நம் வீட்டுப் பிள்ளை. காலையிலிருந்து இரவு வரை ஜனங்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவன். அவனை ஜன்னலில் நிறுத்திவிட்டு, கோடு கிழிக்கிறவர்கள் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

வரைய முடியுமானால் படிக்கவும் முடியும்

ஆனால் தோழர்களே, இந்தச் சரக்கில் நமக்குச் சாதகமான ஒரு குணம் உண்டு. அதை விற்பவர்களே தம் வாயால் விளம்பரம் செய்கிறார்கள். "புரோகிராம் தெரியாதவர்களும் இதை வரையலாம்" என்கிறார்கள். ரொம்பச் சரி! தெரியாதவரும் வரையலாம் என்றால், தெரியாதவரும் படிக்கலாம் அல்லவா?

பழைய மென்பொருளை எங்களுக்குக் காட்டு என்று கேட்டால், "உனக்குப் புரியாது" என்று விரட்ட முடிந்தது. கட்டத்தையும் கோட்டையும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. மனு எங்கே நுழைகிறது, எங்கே பிரிகிறது, எங்கே செத்துப்போகிறது என்பதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினால், எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை ஊருக்கே வாசித்துச் சொல்லும். "இந்தக் கட்டம் ஏன் வந்தது? இந்தக் கோடு ஏன் இப்படித் திரும்புகிறது?" என்று களத்துமேட்டில் நின்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் ஆளுகிறவர்கள் அஞ்சுகிறார்கள். எளிமை என்று நம்மிடம் விற்கிறார்கள். அந்த எளிமையை நம் கண்ணில் காட்ட மட்டும் மறுக்கிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. மனுக்களை நடத்தும் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு கோடும் தமிழில் அச்சாகி ஸ்தல ஸ்தாபனக் காரியாலயச் சுவரில் இருக்க வேண்டும். மாற்றினால், மாற்றியவர் பெயரும் தேதியும் அதில் வேண்டும்.

2. கிராமசபையிலும், நகரத்தில் வார்டு சபையிலும் வாசித்து ஒப்புதல் பெறாத விதி எந்தத் திரையிலும் ஏறக் கூடாது.

3. மனுவைத் தள்ளினால், காரணத்தை எழுதி, ஒரு அதிகாரி பெயரோடு கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். "சிஸ்டம்" என்பது பதில் அல்ல.

4. நோட்டீஸ் கொடுத்து நேரில் விசாரிக்காமல் எந்தப் பெயரையும் எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்கக் கூடாது. அப்பீல் செய்யும் வழி முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும்.

5. யந்திரம் படுத்தால், சிக்னல் போனால், கைரேகை விழாவிட்டால், காகிதமே செல்ல வேண்டும். யந்திரத்தின் பழுதுக்கு உழைப்பாளியின் கூலியைப் பிடிக்கக் கூடாது.

6. மென்பொருள் பொதுச் சொத்தாக, மூலம் திறந்ததாக, சர்க்கார் ஊழியர்களால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு வாடகை கட்டுவது கூடாது. ஜனங்களின் விவரங்கள் வியாபாரிகள் கைக்குப் போகக் கூடாது.

7. நவீனத்தின் பெயரால் ஒரு வேலையும் போகக் கூடாது. கம்ப்யூட்டரில் உட்காரும் காண்டிராக்டு ஊழியர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

இதில் எது அநியாயம்? எது நடக்காதது? 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தபோது, ஊரை ஊரார் ஆளலாம் என்று சொன்னவர்கள் இவர்கள்தானே? அந்த வாக்கைத்தான் திருப்பிக் கேட்கிறோம். 2025 ஜனவரி 5 அன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான ஜில்லாக்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அதிகாரிகள் கைக்குப் போயிற்று. தேர்ந்தெடுத்தவர் இல்லாத வேளையில் கிழித்த கோடுகள் எத்தனை என்று ஒவ்வொரு ஊரும் கேட்டாக வேண்டும்.

எங்கே கேட்பது? தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூட வேண்டும் என்று 2022இல் அறிவித்தார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் ஒன்று நமது தினம், மே தினம்! அன்று காலையில் செங்கொடி ஏற்றிய கையோடு கிராமசபைக்குப் போவோம். தள்ளுபடியான வீட்டு மனுவைக் கையில் பிடித்தபடி அந்தத் தாய் முன்வரிசையில் உட்காரட்டும். அவளுக்குப் பின்னால் சங்கம் நிற்கட்டும். நகரத்து மில் தோழர்கள் தங்கள் வார்டில் இதே கேள்வியை எழுப்பட்டும்.

வயலுக்கு வரப்புப் போட்டவர்கள் நாம். தறியில் இழை கோத்தவர்கள் நாம். எந்தக் கோடு நேர், எந்தக் கோடு கோணல் என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கிழித்த கோட்டைத் தாண்டாதே என்று நம்மை அதட்டிய காலம் போதும்.

கோட்டைக் காட்டு! கிழித்தவன் பெயரைச் சொல்! கோணல் கோட்டை அழி!